கிரெம்லினுக்கு அடித்த வில்லை

தாம்பரத்துக்கு மேற்கே, ரயில் பாதை தாண்டி, அரசாங்கம் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தது. அங்கே பியூன்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை அடித்தோம். சிரிக்க வேண்டாம். நூற்றுப்பத்து பேர் அதில்தான் சோறு தின்றோம். பெரிய அதிகாரியின் பியூனுக்கு உள்ளங்கை அகலத்தில் வில்லை. சின்ன அதிகாரியின் பியூனுக்குப் பிஸ்கோத்து அகலத்தில். வில்லை குத்தாத பியூன் கதவைத் திறந்துவிட்டால், சட்டப்படி அந்தக் கதவு திறக்கவில்லை. அதனால் ஒரு ஆபீசில் எட்டு நாள் எல்லாரும் வெளியே நின்றார்கள் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததை நான் நம்புவதும் இல்லை. ஆனால் எங்கள் ஆபீசைப் பார்த்த பிறகு அதை மட்டும் நம்பினேன்.

நான் அங்கே ஃபிட்டர். பெயர் லாசரஸ். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மூன்றாம் நம்பர் அச்சு இயந்திரம் என் பொறுப்பு. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன பழைய சாமான் அது. அதை ஓட்டினவன் பொன்னுரங்கம். செம்பாக்கத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே ஓட்டுவான். காலால் மிதியை ஒரு தடவை அழுத்தினால் மேலே இருக்கிற அச்சு ஒரு தடவை இறங்கிப் பித்தளையில் அடித்துவிட்டு மேலே போய் நிற்கவேண்டும். வலது கையால் வில்லையை எடுத்து, அடுத்த தகட்டை வைக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாசத்திலிருந்து அது இரண்டாம் தடவை தானாக இறங்க ஆரம்பித்தது. மிதிக்காமலே.

"அண்ணா, இன்னிக்கு ரெண்டு தபா தானா வந்துச்சுண்ணா. கைய இஸ்துகினேன். இல்லாங்காட்டி இந்நேரம் புட்டு மாதிரி ஆயிருக்கும் கையி."

"எழுதிப் போடட்டுமாடா?"

"எழுதுவே. யார் பேரை எழுதுவே?"

அங்கேதான் இடித்தது. கோளாறு பெரிசாக ஒன்றுமில்லை. அச்சைப் பிடித்து நிறுத்துகிற ஆணி தேய்ந்துபோயிருந்தது. விரல் நீளத்து ஆணி. பல்லாவரம் பட்டறையில் கொடுத்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கடைந்து கொடுப்பார்கள். ஆனால் ஆபீஸ் ஆணி தரவேண்டும் என்றால் பழுதுப் பதிவேட்டில் எழுதவேண்டும். அந்தப் பதிவேட்டில் ஏழாவது கட்டம்: 'பழுதுக்குக் காரணமானவர் பெயர்.' அதைக் காலியாக விட்டால் வாங்கமாட்டார்கள். ஒரே பெயர் ஒரு வருஷத்தில் மூன்று தடவை ஏறினால் அந்த ஆளுக்கு வேலை போய்விடும். பொன்னுரங்கத்தின் பெயர் இரண்டு தடவை ஏறியிருந்தது. ஒரு தடவை கரண்ட் போனதற்கு. இன்னொரு தடவை மழை பெய்ததற்கு.

நான் ஏழாவது கட்டத்தில் 'ஆணி தேய்ந்துவிட்டது' என்று எழுதி அனுப்பினேன். சிவப்பு மையில் திரும்பி வந்தது: 'ஆணி இந்நிலையத்தின் பணியாளர் அல்ல. பணியாளரின் பெயர் குறிப்பிட்டு மீண்டும் அனுப்பவும்.'

அன்று ராத்திரி எனக்குச் சார்ஜென்ட் துரை ஞாபகம் வந்தார்.

சண்டைக் காலத்தில் இந்தப் பக்கம் வெள்ளைக்காரனின் விமானங்கள் இறங்கும். பதினெட்டு வயதில் நான் அங்கே எண்ணெய் துடைக்கிற கூலி. ஒருநாள் ஒரு விமானம் மேலே போய் இஞ்சின் நின்று, கடல் ஓரச் சேற்றில் விழுந்தது. ஓட்டினவனுக்கு இரண்டு காலும் போயிற்று. அந்த இஞ்சினைக் கடைசியாகத் தொட்டவன் ஒரு வெள்ளைக்காரப் பையன், ஃபிட்டர். இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சார்ஜென்ட் துரை அவன் முன்னால் ஒரு தட்டை வைத்து, "கிரெம்லின்" என்றார். பையன் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தான். அப்புறம் சாப்பிட்டான்.

அது என்னவென்று துரையைக் கேட்டேன். முழங்கால் உயரத்துக் குட்டிச்சாத்தான் என்றார். காலிப் பீர் புட்டிக்குள்ளே பிறக்குமாம். பெட்ரோல் குடிக்குமாம். இறக்கையில் உட்கார்ந்து ஆணியைத் தளர்த்தும், திசை காட்டும் முள்ளில் ஊஞ்சலாடும், விமானம் இறங்குகிற நேரத்தில் தரையைப் பிடித்து நாலு அடி கீழே இழுத்துவிடும். "நீங்க பாத்திருக்கீங்களா துரை?" என்றேன். "எல்லாரும் பார்த்திருக்கிறோம்" என்றார். பிறகு ஒன்று சொன்னார். அதுதான் விஷயம். "நாளைக் காலையில் அந்தப் பையன் தொட்ட இஞ்சினில்தான் இன்னொருவன் மேலே போகவேண்டும். அவன் கை நடுங்கக்கூடாது. அதனால் அவனை யாரும் குற்றம் சொல்லமாட்டோம். கிரெம்லினைச் சொல்வோம். ஆனால் ஆபீசர்கள் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. அது எங்களுக்குள்ளே."

கடைசியாகச் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கியிருக்கவேண்டும்.

மறுநாள் ஏழாவது கட்டத்தில் 'கிரெம்லின்' என்று எழுதி அனுப்பினேன். தலைமை எழுத்தர் படித்துவிட்டுச் சிரிப்பார், சிரித்துவிட்டு ஆணிக்குக் கையெழுத்துப் போடுவார் என்று கணக்குப் போட்டேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

தலைமை எழுத்தர் தேவானந்தம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"லாசரஸ், இது யாரு? டோக்கன் நம்பர் போடலியே?"

"ஆளு இல்ல சார்." துரை சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இவங்களுக்கு யூனியன் உண்டா?"

"இல்ல சார்."

"மெமோ குடுத்தா பதில் எழுதுவாங்களா?"

"எழுதாது சார்."

"இன்கிரிமென்ட், லீவு?"

"பெட்ரோல் குடிக்கும் சார். அவ்ளோதான்."

தேவானந்தம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுக்கமான ஊழியரை நான் பாத்ததே இல்ல லாசரஸ்."

"அந்த ஆணி சார்?"

"ஆணி எதுக்கு? காரணம் கிரெம்லின்னு நீயே எழுதியிருக்கே. அப்ப கிரெம்லினைத்தான் சரி பண்ணணும். ஆணியை மாத்தினா, காரணத்தைத் தப்பாக் காட்டின மாதிரி ஆடிட்ல கேப்பான்."

பொன்னுரங்கத்தின் பெயர் மூன்றாம் தடவை ஏறவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவன் எனக்குப் பக்கோடா வாங்கிக் கொடுத்தான். "உன் வெள்ளக்காரப் பேயி நல்ல பேயிண்ணா" என்றான். அச்சு அன்றும் ஒரு தடவை தானாக இறங்கியிருந்தது.

அப்புறம், ஏழாவது கட்டத்தில் யார் வேண்டுமானாலும் கிரெம்லின் என்று எழுதலாம் என்று சுற்றறிக்கை வந்தது. ஒரு மாசத்தில் பதிவேடு முழுக்க அந்தப் பெயர்தான். கூரை ஒழுகினது கிரெம்லின். ஜீப்பில் டீசல் குறைந்தது கிரெம்லின். டைப்பிஸ்ட் பியூலா பத்தரை மணிக்கு வந்தது கிரெம்லின். மேலாளர் அறையில் இருந்த மின்விசிறி அவர் வீட்டில் சுற்றினது கிரெம்லின். தலைமையகத்துக்கு அறிக்கை போயிற்று: பங்குனியில் நாற்பத்தொரு கிரெம்லின். பதில் வந்தது: 'அடுத்த காலாண்டுக்குள் பத்து சதவீதம் குறைக்கவும்.'

குறைக்க வேண்டுமென்றால் பிடிக்கவேண்டும். பீர் புட்டியில் பிறந்ததைப் பிடிக்கப் பீர் வேண்டும். அப்போது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஒரு புட்டி பீருக்கு அனுமதி கேட்டு எழுதினார்கள். 'குடிக்காவிட்டால் உடல்நலம் கெடும் என்று மேற்படி கிரெம்லினுக்கு மருத்துவர் சான்றிதழ் இணைக்கவும்' என்று மதுவிலக்கு இலாகா பதில் எழுதியது. இதற்கென்று போட்ட கமிட்டி மூன்று தடவை கூடி, கோலி சோடா வைப்பது என்று தீர்மானித்தது. காலையில் புட்டி காலியாக இருந்தது. வாட்ச்மேன் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான். 'முதற்கட்ட வெற்றி' என்று தந்தி கொடுத்தார்கள்.

நான் இதை எல்லாம் பார்த்துச் சிரித்தேன். பொன்னுரங்கமும் சிரித்தான். சிரித்தபடியே ஒவ்வொரு அடிக்கும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

சித்திரையில் நான் பல்லாவரம் போய் என் சொந்தக் காசில் ஆணியைக் கடைந்து வாங்கி வந்தேன். போடவில்லை. அங்கீகாரம் இல்லாத உதிரிபாகத்தை அரசு இயந்திரத்தில் மாட்டினால் ஃபிட்டருக்கு வேலை போகும் என்று ஒரு விதி உண்டு. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சமயம் பார்த்து மாட்டலாம் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். பதினோரு நாள் சுற்றினேன்.

அதற்குள் 'கிரெம்லின் கட்டுப்பாட்டுப் பிரிவு' என்று ஒன்றுக்கு உத்தரவு வந்துவிட்டது. ஆறு பேருக்கு வேலை. அதற்குத் தேவானந்தமே தலைவர். திறந்து வைக்கச் சென்னையிலிருந்து இணை இயக்குநர் வருகிறார். வருகிறவர்கள் எல்லாரும் நெஞ்சில் 'கிரெம்லின் கட்டுப்பாடு' என்று வில்லை குத்தியிருக்கவேண்டும். இருநூறு வில்லை. மறுநாள் பகல் பதினொன்றுக்குள். மூன்றாம் நம்பர் அச்சில்.

நான் மேலாளர் எட்மண்டிடம் போனேன். அவரும் நானும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை அவர் முன் பெஞ்சு, நான் பின் பெஞ்சு. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மின்விசிறி விஷயம் வேறே.

"சார், அந்த மிஷின் தானா அடிக்குது. ஆணி எங்கிட்டயே கீது. மாட்டிக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"லாசரஸ், ஐ அண்டர்ஸ்டாண்ட். ஆனா யோசிச்சுப் பாருங்க. கிரெம்லினாலதான் ரிப்பேர்னு சொல்லி ஒரு டிபார்ட்மென்ட்டே திறக்கறோம். திறக்கறதுக்கு முந்தின நாள் ஆணியை மாத்தி மிஷின் சரியாயிடுச்சுன்னா, நம்ம எல்லாருக்கும் என்ன மரியாதை? நாளைக்கு ஒரு நாள். கர்த்தர் பாத்துப்பார்."

கர்த்தர் தலையில் போட்டுவிட்டுக் கோப்பில் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பொன்னுரங்கம் ஆரம்பித்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். நூறு வரைக்கும் எண்ணினேன். தொண்ணூறு தாண்டினதும் ஓரத்தில் பிசிறு விழுகிறது என்றான். நூற்று இருபதில் திறப்பு விழாப் பந்தலுக்குக் கரண்ட் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்விட்டு ஓடிவந்தேன். பந்தல் விளக்கு பகலில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நூற்று முப்பத்தேழாவது வில்லை. எடுக்கக் கையை நீட்டினான். மிதிக்கவில்லை. அது இறங்கியது.

அவன் கத்தவில்லை. "அண்ணா" என்று ஒரே தடவை கூப்பிட்டான், ஏதோ ஸ்பானர் எடுத்துக் கொடு என்கிற மாதிரி.

கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

நானும் வாட்ச்மேனும் ஜீப்பில் தூக்கிப் போட்டோம். ஜீப்பில் டீசல் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரியை மறித்து ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பதிவேட்டில் எழுத என்னைத் திரும்பி வரச் சொன்னதால் வந்தேன். பந்தலில் இணை இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். என் சட்டையில் ரத்தம் இருந்ததால் கடைசியில் நின்றேன்.

"நண்பர்களே, இந்த நிலையத்தின் புள்ளிவிவரத்தைப் பார்த்தேன். கடந்த மூன்று மாதங்களில் தவறு செய்த மனிதர் இங்கே ஒருவர்கூட இல்லை. அதிகாரி தவறு செய்யவில்லை. எழுத்தர் தவறு செய்யவில்லை. தொழிலாளிகூடத் தவறு செய்யவில்லை. உலகத்தில் வேறு எந்த நிர்வாகம் இப்படிச் சொல்லமுடியும்? இன்று காலை ஒரு வருந்தத்தக்க சம்பவம் நடந்ததாகச் சொன்னார்கள். வருந்துகிறேன். அதே சமயம், இந்தப் பிரிவு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைத்திருக்காது."

கை தட்டினார்கள். நூற்று முப்பத்தாறு பேர் நெஞ்சில்தான் வில்லை இருந்தது. மீதிப் பேர் வெறும் நெஞ்சோடு நின்றார்கள். அதற்கும் அன்று சாயங்காலம் ஏழாவது கட்டத்தில் பெயர் எழுதினார்கள். கிரெம்லின்.

கை போனவனுக்கு விதி இரண்டு. வேறொரு ஆள் காரணம் என்றால், கை போனவனுக்கு அங்கேயே இலகுவான வேலை. அவனே காரணம் என்றால், வீட்டுக்கு. கிரெம்லின் காரணம் என்றால்? விதியே இல்லை. 'தெளிவுரை கோரப்பட்டுள்ளது. மறு உத்தரவு வரும் வரை தினமும் வாசலில் ஆஜராகவும்' என்று பொன்னுரங்கத்துக்குக் காகிதம் கொடுத்தார்கள். ஏழு மாசம். கட்டுப்போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டு தினமும் எட்டு மணிக்கு கேட்டுக்கு வெளியே நிற்பான். ஐந்து மணிக்கு இடது கையால் கோணல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். வேலை இல்லை, போகவும் விடவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று.

ஐப்பசி மழையில் அவன் பெண்சாதி பச்சையம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"குன்றத்தூருக்குப் போயி முருகங்கிட்ட அழுதேண்ணே. மந்திரிக்கிறவன் கிட்டயும் கேட்டேன். இங்கிலீசு பேய்க்கு எங்கிட்ட மந்திரம் இல்லன்றான்."

"அது பேய் இல்லம்மா."

"இன்னாவா இருந்தா எனுக்கு இன்னா? நீதானே கூட்டியாந்தே? நல்லதுக்குத்தான் கூட்டியாந்தே, எங்கூட்டுக்காரு சொல்லிச்சு எனுக்கு. இப்ப நீயே அனுப்பிடு. புள்ளிங்க கஞ்சி குட்ச்சி நாளாவுது. வேற இன்னா கேக்கப் போறேன் உன்னாண்ட?"

மழையில் அப்படியே போய்விட்டாள். என் வீட்டுக்காரி சாராள் குடையோடு பின்னால் ஓடினாள்.

மறுவாரம் விசாரணைக் கமிட்டி. எனக்கு அங்கே 'நிபுணர்' என்று பெயர் போட்டு நாற்காலி வைத்திருந்தார்கள். கிரெம்லினை அறிந்தவன் ஜில்லாவில் நான் ஒருவன்தானாம். எட்மண்ட், தேவானந்தம், தலைமையகத்திலிருந்து ஒருவர். பியூலா குறிப்பு எடுத்தாள்.

"கிரெம்லின்னு ஒண்ணு இல்ல சார்" என்றேன். "நான்தான் விளையாட்டுக்கு எழுதினேன்."

பியூலாவின் பென்சில் நின்றது. தேவானந்தம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "லாசரஸ், ஆறு பேருக்கு உத்தரவு ஆயிருக்கு. பியூலாவும் அதுல ஒருத்தி, இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு. இல்லாத ஒண்ணுக்கா ஆறு பேரை கவர்மெண்ட் போடும்? இருக்கா இல்லையான்னு கேக்க இந்தக் கமிட்டிக்கு அதிகாரம் கிடையாது. எது செஞ்சுதுன்னு கேக்கத்தான் அதிகாரம்."

"அப்ப ஆணி செஞ்சுது."

"ஆணி பணியாளர் அல்ல. ஏற்கனவே தீர்மானம் ஆனது."

சட்டைப் பைக்குள் கையை விட்டேன். ஏழு மாசமாக அது அங்கேயேதான் இருந்தது. துவைக்கும்போது எடுத்து வைப்பேன், போடும்போது மறுபடி போட்டுக்கொள்வேன். எடுத்து மேஜைமேல் வைத்தேன். துருவில்லாமல் பளபளவென்று இருந்தது.

"அவன் கை போன அன்னிக்கு இது எங்கிட்ட இருந்துச்சு சார். மாட்டக் கால் மணி நேரம் ஆவும். வேலை போயிடும்னு மாட்டல. பணியாளர் பேர்தானே வேணும்? என் பேர எழுதிக்கோங்க. டோக்கன் நம்பர் அறுபத்து மூணு."

எட்மண்ட் என்னைப் பார்க்கவில்லை, ஆணியைத்தான் பார்த்தார். தலைமையகத்துக்காரர் இது ஏற்கமுடியாது, நிலையத்தின் பெயர் கெடும் என்றார். தேவானந்தம் மட்டும் ஒரு காகிதத்தில் பென்சிலால் ஏதோ கூட்டிக் கழித்தார். பிறகு தலைமையகத்துக்காரர் பக்கம் சாய்ந்து சொன்னது எனக்கும் கேட்டது.

"சார், இந்த ஒண்ணை மனுஷன் கணக்குல சேத்துட்டா, நீங்க குறைக்கச் சொன்ன அந்தக் காலாண்டுல கிரெம்லின் சரியாப் பத்து பெர்சென்ட் குறையுது."

அதன் பிறகு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆணி மாட்ட ஆகிற நேரம்.

நான் வேலை போய் வீட்டுக்கு வந்தேன். ஆணியை 'சான்றுப் பொருள்' என்று உறையில் போட்டு அரக்கு வைத்து அலமாரியில் பூட்டிவிட்டார்கள். மூன்றாம் நம்பர் அச்சில் தேய்ந்த ஆணியே இருந்தது. அடுத்து அதை ஓட்ட வந்தவன் யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கவேண்டும்.

மூன்று வாரம் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வேலை கேட்டுப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கின நாள் அது. காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. சாராள் கட்டிக் கொடுத்த சோற்றை அப்படியே திரும்பக் கொண்டுபோகிற வழக்கம் எனக்கு அப்போது வந்திருந்தது. முன்னால் வந்து ஒரு காக்கிச் சட்டை நின்றது. நெஞ்சில் பித்தளை வில்லை. 'கிரெம்லின் கட்டுப்பாடு.' அந்தப் பிரிவில் பியூன் வேலை கொடுத்திருந்தார்கள் பொன்னுரங்கத்துக்கு.

"யார்ரா குத்திவிட்டது?"

"பச்சையம்மாதான். ஒத்தக் கையில குத்த வரல எனுக்கு." பெஞ்சில் உட்கார்ந்தான். வலது கை துண்டுக்குள் இருந்தது. "இது நான் அட்ச்சதுதாண்ணா. தொண்ணூறோ தொண்ணூத்தஞ்சோ. ஓரம் பாரு, பிசிறு கீது. அப்பவே உன்னாண்ட சொன்னேன்."

சொல்லியிருந்தான்.

பிறகு கேட்டான்.

"பாக்கெட்ல இருந்துச்சாமே?"

"இருந்துச்சுடா."

"எத்தினி நாளா?"

"பதினோரு நாள்."

கடைக்காரனைப் பார்த்து ஒரு டீ, ஒரு பன் என்றான். வந்தது. தட்டை இடது கையால் பிடித்து, கோணல்மாணலாக என் பக்கம் தள்ளினான்.

"நீ இன்னா பண்ணுவே" என்றான். "கிரெம்லின் தாண்ணா அது."

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துன்னுண்ணா. ஆறுது."

எடுத்துத் தின்றேன்.